விரல்கள் உணராத தந்திகள்: ஜக்குலின் டு பிரேயின் வாழ்வும் நோயும்

இலண்டன் கோல்டர்ஸ் கிறீனில் ஹூப் லேன் என்றொரு வீதி இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் தகனசாலை. உறவினர் ஒருவரின் இறுதிக்கிரியைக்காக அங்கே போய்வந்தவர்கள் இதை வாசிப்போரிலும் இருக்கக்கூடும். எதிர்ப்பக்கத்தில் யூதர்களின் மயானம். 1987 ஒக்ரோபரில் அங்கே அடக்கம் செய்யப்பட்டவர் ஜக்குலின் டு பிரே. அப்போது அவருக்கு வயது 42. கடந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த செல்லோக் கலைஞர்களில் ஒருவராக மதிக்கப்படும் அவர், 28 வயதிலேயே மேடையை விட்டு இறங்க நேர்ந்தது.

அவரை மேடையிலிருந்து இறக்கியது மல்ரிப்பிள் ஸ்கிளறோசிஸ் என்ற நோய். சுருக்கமாக எம்.எஸ் என்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அரிதாகவே கேள்விப்பட்ட நோய் இது. ஆனால் இந்த நாட்டில் பிறந்து வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு அது அவ்வளவு தூரத்தில் இல்லை. அதனாலேயே இந்த ஆங்கிலேயப் பெண்ணின் கதை எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜக்குலின் 1945 ஜனவரி 26ஆம் திகதி ஒக்ஸ்போர்ட்டில் பிறந்தார். தாய் ஐரிஸ் பியானோக் கலைஞர், இசை ஆசிரியை. தந்தை டெரெக் கணக்காளர்களுக்கான சஞ்சிகை ஒன்றின் ஆசிரியர். குடும்பம் தென் இலண்டன் பக்கம் குடிவந்தது. சிறுமி முதலில் பேர்லியில் ஒரு பாடசாலைக்கும், பிறகு குரொய்டன் ஹை ஸ்கூலுக்கும் போனார். இன்று தமிழ்க் குடும்பங்களுக்கு நன்கு பழக்கப்பட்ட பகுதிகள் இவை.

நான்கு வயதளவில் வானொலியில் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது செல்லோவின் ஒலி அவர் காதில் விழுந்தது. அந்த ஒலியைத் தரும் வாத்தியம் தனக்கு வேண்டும் என்று தாயிடம் கேட்டார். செல்லோ, வயலினின் மூத்த உறவு. இருந்தபடி, முழங்கால்களுக்கு இடையில் நிறுத்தி, வில்லால் வாசிப்பார்கள். அதன் குரல் மனிதக் குரலுக்கு மிக நெருங்கியது என்பார்கள். வீணையில் இருப்பதுபோல அதன் கழுத்தில் மெட்டுகள் கிடையாது. எந்த இடத்தில் அழுத்தினால் எந்த ஸ்வரம் என்பதை விரல்நுனியே அறிந்திருக்க வேண்டும். வில்லின் பாரத்தை வலது கை அறிந்திருக்க வேண்டும். இந்த விபரத்தை மனதில் வைத்திருங்கள். பின்னால் வரப்போகும் துயரம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

மகளுக்காகத் தாய் சின்னச் சின்னப் பாட்டுகளை எழுதி, படங்களும் வரைந்து, இரவில் கட்டிலருகே வைத்துவிடுவார். காலையில் எழுந்ததும் பிள்ளை அதை வாசிக்க ஓடும். பத்து வயதில் வில்லியம் பிளீத் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். கடைசிவரை அவரையே தன் உண்மையான குருவாக ஜக்குலின் கருதினார். 1956இல், 11 வயதில், புகழ்பெற்ற செல்லோக் கலைஞர் கில்ஹெர்மினா சுஜியாவின் பெயரிலான புலமைப் பரிசு கிடைத்தது. தெரிவுக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் இசை நடத்துநர் ஜோன் பார்பிரோலி.

1961 மார்ச் 1ஆம் திகதி, 16 வயதில், இலண்டன் விக்மோர் ஹோலில் அரங்கேற்றம். அடுத்த ஆண்டு மார்ச்சில் ரொயல் பெஸ்டிவல் ஹோலில் பிபிசி சிம்பொனி இசைக்குழுவுடன் எட்வேர்ட் எல்கரின் செல்லோ கொன்சேர்ட்டோவை வாசித்தார். அன்றிலிருந்து அந்தப் படைப்பும் அவர் பெயரும் பிரிக்க முடியாதவையாகிவிட்டன.

எல்கர் அதை 1919இல், முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு எழுதினார். ஒரு முழு உலகமும் அழிந்துபோனபின் ஒரு முதியவர் திரும்பிப் பார்க்கும் பார்வை அதில் இருக்கிறது. இழந்த ஊரை நெஞ்சில் சுமப்பவர்களுக்கு அந்த இசையை யாரும் விளக்கத் தேவையில்லை. முதல் அரங்கேற்றத்தில் அது தோல்வி கண்டது. அன்று இசைக்குழுவில் செல்லோ வாசித்தவர்களில் ஒருவர் இளம் பார்பிரோலி. 1965 ஓகஸ்டில் அதே பார்பிரோலி இலண்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்த, இருபது வயது ஜக்குலின் அதை ஒலிப்பதிவு செய்தார். அந்தப் பதிவு இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. மறக்கப்பட்டுவந்த ஒரு படைப்பை உலகம் முழுவதும் கேட்க வைத்தது அந்தப் பெண்ணின் வில்தான்.

1966இல் மொஸ்கோ சென்று ரொஸ்ட்ரோபோவிச்சிடம் சில மாதங்கள் பயின்றார். அந்த ஆண்டு முடியும் தறுவாயில் இலண்டனில் ஒரு நண்பர் வீட்டில் பியானோக் கலைஞர் டானியல் பாரன்பொயிமைச் சந்தித்தார். 1967 ஜூனில், ஆறு நாள் போர் முடிந்த சில நாட்களில், ஜெருசலேமில் திருமணம். அதற்காக அவர் யூத மதத்தைத் தழுவினார். 1969இல் இருவரும் இட்சாக் பேர்ல்மன், பிங்கஸ் சுக்கர்மன், மும்பாயில் பிறந்த சுபின் மேத்தா ஆகியோருடன் இலண்டனில் சூபேர்ட்டின் ட்ரவுட் குவின்ரெற்றை வாசித்ததைக் கிறிஸ்டோபர் நுப்பன் படமாக்கினார். ஐந்து இளைஞர்கள் மேடைக்குப் பின்னால் ஒருவர் வாத்தியத்தை ஒருவர் பறித்து வாசித்துச் சிரிக்கும் அந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு, இன்னும் நான்கு ஆண்டுகளில் வரப்போவதை நம்ப முடியாது.

மாற்றம் மெல்ல வந்தது. காரணமில்லாத களைப்பு. கால் இடறல். விரல்களில் விறைப்பு. 1971இல் வாசிப்பு தளர்ந்தது. அந்த ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டு வரை பெரும்பாலும் ஓய்விலேயே இருந்தார். வைத்தியர்கள் பார்த்தார்கள், பெரிதாக எதுவும் அகப்படவில்லை. இளம் வயது, இடைவிடாத பயணம், திடீர்ப் புகழ், மன அழுத்தம் என்று காரணங்கள் வரிசையில் நின்றன. இது நரம்புத் தளர்ச்சி, மனம் சார்ந்தது என்ற முடிவுக்கே சுற்றியிருந்தவர்கள் வந்தார்கள். அவரும் அதை நம்பி உளப்பகுப்பாய்வுச் சிகிச்சைக்குப் போகத் தொடங்கினார்.

அந்த முடிவுக்குச் சாதகமாக உடலும் ஒரு சாட்சி சொன்னது. 1971 டிசம்பரில் திடீரென்று சுகம் கண்டது. கைகள் பழையபடி சொற்கேட்டன. உடனே ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், கணவருடன் ஷோபினினதும் பிராங்கினதும் சொனாட்டாக்களைப் பதிவு செய்தார். அதுவே அவருடைய கடைசிக் கூடப் பதிவாயிற்று. உண்மையான வருத்தமென்றால் இப்படி வந்து போகுமா என்ற கேள்வி எவருக்கும் எழத்தான் செய்யும்.

1973 பெப்ரவரியில் ரொயல் பெஸ்டிவல் ஹோலில் மீண்டும் எல்கர். மேத்தா நடத்தினார். அதே மாதம் நியூயோர்க்கில் லெனார்ட் பேர்ன்ஸ்டைன் நடத்த, சுக்கர்மனுடன் பிராம்ஸின் இரட்டைக் கொன்சேர்ட்டோ. நான்கு கச்சேரிகள் ஏற்பாடாகியிருந்தன. செல்லோப் பெட்டியைத் திறக்கவே கை ஒத்துழைக்கவில்லை. வில்லின் பாரம் தெரியவில்லை. விரல்கள் தந்தியில் எங்கே இருக்கின்றன என்பதை உணர முடியாமல், கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தார். மூன்று கச்சேரிகளை அப்படியே ஒப்பேற்றினார். நான்காவதில் ஏறவில்லை. அதன் பிறகு பொதுமேடையில் அவர் செல்லோ ஒலிக்கவேயில்லை. ஒக்ரோபரில் நோயின் பெயர் சொல்லப்பட்டது. மனம் அல்ல, எம்.எஸ்.

பயங்கரமான அந்தச் செய்தியில் அவருக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. இரண்டு ஆண்டுகளாகத் தன் மனமே தன்னை ஏமாற்றுகிறது என்று எண்ணியிருந்தவர், தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று அறிந்துகொண்டார்.

அந்த உடலுக்குள் நடந்தது என்ன?

எங்கள் உடலில் இரண்டு தொகுதிகள் கற்கும் ஆற்றலும் நினைவும் கொண்டவை. ஒன்று நரம்புத் தொகுதி. மற்றது ஊரில் உயிரியல் படித்தவர்கள் நிர்ப்பீடனத் தொகுதி என்று அறிந்த நோய் எதிர்ப்புத் தொகுதி. ஒரு முறை சின்னம்மை வந்தால் பெரும்பாலும் மறுமுறை வராததற்கு இந்த இரண்டாவது தொகுதியின் நினைவுதான் காரணம். எது தன் உடல், எது அந்நியம் என்று பிரித்தறிவதே அதன் முதல் வேலை.

இவை இரண்டும் ஓயாமல் ஒன்றுடன் ஒன்று கதைத்துக்கொண்டிருக்கின்றன. காய்ச்சல் வந்தால் உடம்பை அடித்துப்போட்டதுபோல இருப்பதும், சாப்பாடு பிடிக்காமல் மூடிக்கொண்டு படுக்கத் தோன்றுவதும் கிருமியின் வேலை மட்டுமல்ல. எதிர்ப்புக் கலங்கள் விடும் இரசாயனத் தூது மூளைக்குப் போய், ஓய்வெடு என்று சொல்வதன் விளைவு அது. மறுபக்கத்தில், மண்ணீரலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் நரம்புகள் செல்கின்றன. நெருக்கடியின்போது மூளையின் கட்டளையால் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஓமோன் எதிர்ப்புத் தொகுதியின் வேகத்தைத் தணிக்கிறது.

எம்.எஸ் இந்த உறவு முறிந்துபோகும் நோய். மின்கம்பிக்கு மேல் இறப்பர் உறை இருப்பதுபோல நரம்பு நார்களுக்கு மேல் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. அது இருந்தால் செய்தி வினாடிக்கு 100 மீற்றர் வேகம் வரையில் பாயும். இல்லாவிட்டால் தடுமாறும், சில இடங்களில் நின்றே போகும். கிருமிகளைத் தேடித் திரிய வேண்டிய வெண்குருதிக் கலங்களில் சில, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து உள்ளே போய், சொந்த மயலினையே அந்நியமென்று எண்ணித் தாக்குகின்றன. தாக்கிய இடம் வீங்கி, ஆறும்போது தழும்பாகிறது. நோயின் பெயரே பல தழும்புகள் என்றுதான் பொருள்படும். 1868இல் பாரிஸில் வைத்தியர் ஷார்க்கோ இந்த நோயைத் தெளிவாக விபரித்தார். ஆனால் தழும்புகளை ஏற்படுத்துவது சொந்த எதிர்ப்புத் தொகுதியே என்பது துலங்க அடுத்த நூற்றாண்டு தேவைப்பட்டது.

எந்த இடத்தில் தழும்பு விழுகிறதோ அந்த இடத்தின் வேலை கெடும். கண் நரம்பில் விழுந்தால் ஒரு கண் மங்கும். முள்ளந்தண்டில் விழுந்தால் கை கால் விறைக்கும், சலம் கழிப்பதில் சிரமம் வரும். தொடுகையின் செய்தியை ஏற்றிச் செல்லும் பாதைகளில் விழுந்தால் செல்லோவின் தந்தி விரலுக்குத் தெரியாமல் போகும். ஜக்குலினின் விரல்களில் பலவீனத்தைவிட முதலில் வந்தது இந்தத் தெரியாமைதான்.

வீக்கம் வடியும்போது செய்திகள் மீண்டும் ஓடத் தொடங்கும். உடல் ஓரளவு மயலினைத் திருத்தியும் கொள்ளும். ஆகவே வந்து, போய், மீண்டும் வருவது இந்த நோயின் இயல்பு. 1971 டிசம்பரில் கிடைத்த சுகம் அப்படிப்பட்ட ஓர் இடைவெளி என்றே இன்று கொள்ள வேண்டியிருக்கிறது. நோய் இல்லை என்பதற்குச் சாட்சியாகக் கொள்ளப்பட்டது, உண்மையில் அந்த நோயின் அடையாளமாக இருந்தது.

மன அழுத்தம் என்று சொன்னவர்களை முட்டாள்கள் என்று சொல்லவும் முடியாது. கடும் மன அழுத்தம் எம்.எஸ் உள்ளவர்களுக்கு மறுதாக்குதலுக்கான வாய்ப்பைக் கூட்டலாம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூளைக்குள் நடக்கும் அழற்சியே மனச்சோர்வைத் தரவும் கூடும். அதாவது அவருடைய சோர்வும் கண்ணீரும் நோய்க்குக் காரணமாகப் பார்க்கப்பட்டன. அவற்றில் ஒரு பகுதி நோயின் விளைவாகவே இருந்திருக்கலாம். மனமும் உடலும் ஒன்றையொன்று தொடுகின்றன என்பது உண்மை. அந்த உண்மையைச் சாட்டாக வைத்து உடலைப் பார்க்காமல் விடுவதுதான் பிழை.

அன்றைய வைத்தியரிடம் கருவிகளும் குறைவு. அவருக்கு விரல் விறைத்த காலத்தில்தான் இலண்டன் குவீன் ஸ்குவெயார் வைத்தியசாலையில் மார்ட்டின் ஹாலிடே, இயன் மக்டொனால்ட் ஆகியோர், கண் நரம்பில் செய்தி தாமதிப்பதை மின் அலைகளால் அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அது 1972. எம்.எஸ் தழும்புகளை எம்.ஆர்.ஐ படத்தில் காட்டிய முதல் ஆய்வு 1981இல் இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையிலிருந்து வந்தது. அதற்குள் ஜக்குலின் சக்கர நாற்காலியில் இருந்தார். மருந்தென்று இருந்தவை தாக்குதலின்போது வீக்கத்தைத் தணிக்கும் ஸ்ரிறொயிட் வகைகளே. நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இன்ரபெரோன் பீற்றா 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அவர் இறந்து ஆறாண்டுகள் ஆகிவிட்டன.

பெயர் தெரிந்தபின் அவர் வாழ்ந்த 14 ஆண்டுகளை வெறும் சோகமாகச் சொல்வது அவருக்குச் செய்யும் நியாயமாகாது. வில்லைப் பிடிக்க முடியாதவர் சொல்லால் கற்பித்தார். மாணவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தொலைக்காட்சியில் பாடம் நடத்தினார். புரொகோபியேவின் பீற்றரும் ஓநாயும் என்ற சிறுவர் இசைக்கதைக்குக் குரல் கொடுத்தார். 1976இல் ஓ.பி.ஈ விருது கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் ஒளியவில்லை. நோய்களை வீட்டுக் கதவுக்குள் மறைத்துவைத்த ஒரு காலத்தில், பலருக்கும் தெரிந்த முகம் ஒன்று சக்கர நாற்காலியில் வெளியே வந்து, எனக்கு இருப்பது இந்த நோய் என்று சொன்னது. பிரித்தானியாவில் எத்தனையோ சாதாரண வீடுகளில் அந்தப் பெயரைச் சொல்லும் துணிவு அதன் பிறகே வந்தது.

நோய் நிற்கவில்லை. கைகள் முற்றாகப் போயின. பார்வையும் பேச்சும் குழம்பின. கடைசிக் காலத்தில் தன் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். 1987 ஒக்ரோபர் 19ஆம் திகதி இலண்டனில் காலமானார்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம்.

எம்.எஸ் வெப்ப வலய நாடுகளில் அரிது, வட ஐரோப்பாவில் அதிகம். அப்படியானால் இது வெள்ளையரின் இரத்தத்தில் வரும் நோய்தானே என்று நினைக்கத் தோன்றும். இந்தக் கேள்வியை இலண்டனிலேயே ஆராய்ந்தார்கள். ஜெப்ரி டீன், மார்த்தா எலியன் ஆகியோரின் குழு 1990இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியத் துணைக்கண்டம், ஆபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களுக்குப் பிரித்தானியாவில் பிறந்த பிள்ளைகளைப் பார்த்தது. வந்த தலைமுறையில் நோய் அரிதாக இருந்தது. இங்கே பிறந்த தலைமுறையிலோ இந்த நாட்டவரின் அளவை நெருங்கியது. 2017இல் வெளிவந்த கிழக்கு இலண்டன் ஆய்வு ஒன்று, தெற்காசியரிடையே இந்த நோய் வெள்ளையரைவிடக் குறைவு, ஆனால் மூதாதையர் நாடுகளில் உள்ளதைவிட மிக அதிகம் என்று கண்டது.

பரம்பரை மாறவில்லை, இடம்தான் மாறியது. வெயில் குறைந்ததால் விற்றமின் டி குறைவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இன்னொரு முக்கிய காரணம் எப்ஸ்ரைன்-பார் வைரஸ். அமெரிக்கப் படையினர் ஒரு கோடிப் பேரின் பதிவுகளை 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. அந்த வைரஸ் தொற்றியபின் எம்.எஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியதை அது காட்டியது. அந்த வைரஸின் ஒரு புரதத்தின் பகுதி மூளையிலுள்ள ஒரு புரதத்தின் பகுதியை ஒத்திருக்கிறது. எதிரியைத் தேடிப் போகும் எதிர்ப்புத் தொகுதி ஆள் மாறாட்டத்தில் வீட்டாரைத் தாக்கிவிடுகிறது போலும். பெரும்பாலானோர் உடலில் இந்த வைரஸ் இருந்தும் மிகச் சிலருக்கே நோய் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரித்தானியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் எம்.எஸ்ஸுடன் வாழ்கிறார்கள். பெண்களே அதிகம். பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதில், படிப்பு முடித்து, வேலை தேடி, கலியாணப் பேச்சு நடக்கும் காலத்தில் அது தெரியவருகிறது. எங்கள் வீடுகளில் வாய்கள் இறுக மூடிக்கொள்ளும் காலமும் அதுவே. பிள்ளை கை விறைக்குது என்றால் எந்த நேரமும் போனைப் பிடித்தால் அப்படித்தான் என்கிறோம். களைப்பு என்றால் சாப்பாடு காணாது என்கிறோம். கண் மங்குது என்றால் கண்ணூறு கழிக்கிறோம். எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ ஒன்று என்றால் மனசிலதான் வருத்தம் என்கிறோம். பெயர் தெரிந்தபின்னும் மச்சாள் வீட்டுக்கும் தெரியக்கூடாது என்கிறோம்.

விறைப்பு என்றாலே எம்.எஸ் அல்ல. பெரும்பாலும் வேறு சிறிய காரணங்களாகவே இருக்கும். ஆனால் நாட்கணக்கில் நீடிக்கும் விறைப்பு, வலியோடு ஒரு கண் மங்குதல், காரணமில்லாத தடுமாற்றம் ஆகியவற்றைத் திகதியுடன் எழுதிவைத்து ஜி.பியிடம் காட்ட வேண்டும். தானாகச் சுகமானாலும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்று நிலைமை வேறு. மூளைக்குள் கலங்கள் நுழைவதைத் தடுக்கும் மருந்துகளும், தாக்கும் கலங்களையே குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன. நோயை வேரோடு அகற்ற இன்னும் முடியாது. ஆனால் நேரத்தோடு தொடங்கினால் பல தாக்குதல்களைத் தடுக்கலாம், பல தழும்புகள் விழாமல் காக்கலாம். ஜக்குலினின் கையில் இருந்திராத அந்த வாய்ப்பு எங்கள் பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

அவர் வாசித்த 1712ஆம் ஆண்டுச் ஸ்ராடிவேரியஸ் செல்லோவை அவருக்குப் பின் யோ-யோ மா வாசித்தார். 1965ஆம் ஆண்டு எல்கர் பதிவு எவருக்கும் எளிதில் கிடைக்கும். ஒரு நாள் மாலை, வீட்டில் வயலினோ வீணையோ பழகும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் இருத்தி அதைப் போட்டுக் கேளுங்கள். முதல் சில வினாடிகளில் வேறு எதுவும் ஒலிக்காது. இருபது வயதுப் பெண் ஒருத்தி, தன் விரல்களை முழுதாக நம்பி, தந்தியில் வில்லை வைக்கிறாள்.